ஒரே சமையலறை, இரண்டு வகை உணவு: துப்புரவைக் காக்க எந்த ஏற்பாடு நிலைக்கும்?

இஸ்லாத்தை ஏற்ற பின்னும் பெற்றோருடனேயே இருப்பவர், கிறிஸ்தவ மனைவியோடு குடும்பம் நடத்துபவர், வேறு சமயத்தாரோடு வீடு பகிர்ந்து படிக்கும் மாணவர், பிறர் வீட்டில் தங்கி வேலை பார்ப்பவர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். பன்றிக்கறியும் முறைப்படி அறுக்கப்படாத இறைச்சியும் மதுவும் புழங்கும் வீட்டில் உணவையும் உடலையும் உடையையும் தொழும் இடத்தையும் நஜீஸ் (மார்க்கம் அசுத்தம் என்று சொல்வது) படாமல் வைத்திருப்பது எப்படி?

நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. ஹராமான (மார்க்கம் தடுத்த) எதுவும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது முதல் வழி. வரலாம், ஆனால் அங்கே சமைக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வது இரண்டாவது. ஒரே சமையலறையில் தனக்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது மூன்றாவது. எல்லாவற்றையும் பொதுவாக வைத்து, ஒவ்வொரு முறையும் கழுவிப் புழங்குவது நான்காவது. பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதே நிலைக்கும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பவர்களிலும் பலர் காக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைக் காக்கிறார்கள். ஆகவே நஜீஸ் எது, அது எந்த வழியில் பரவுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இங்கே சொல்வதெல்லாம் ஹனஃபீ, மாலிகீ, ஷாஃபிஈ, ஹன்பலீ என்ற நான்கு மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) வரம்புக்குள் மட்டும்.

எது நஜீஸ், எது இல்லை

பன்றிக்கறி நஜீஸ் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குர்ஆன் 6:145 அதை அசுத்தம் என்றே சொல்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று: உண்ண அனுமதிக்கப்பட்ட ஆடு, மாடு, கோழியாக இருந்தாலும் முறைப்படி அறுக்கப்படவில்லை என்றால் அது செத்த பிராணியின் கணக்கில் வரும், அந்த இறைச்சியும் கொழுப்பும் நஜீஸ்தான். ஆனால் பன்றியைக் கழுவும் முறை வேறு, இதைக் கழுவும் முறை வேறு. வேதக்காரர்கள் (யூதர்கள், கிறிஸ்தவர்கள்) அறுத்தது குர்ஆன் 5:5இன்படி நிபந்தனைகளுடன் ஆகுமானது. மது நஜீஸ் என்பதே நான்கு மத்ஹபுகளிலும் நிலைபெற்ற கருத்து.

மீன், முட்டை, காய்கறி, பழம், தானியம் எல்லாம் யார் கையால் சமைத்தாலும் சுத்தமானவை. இடையில் நஜீஸான கொழுப்போ மதுவோ சேரக் கூடாது, அவ்வளவுதான். வீட்டாரின் கை, வியர்வை, எச்சில், அவர்கள் துவைத்த துணி ஆகியவையும் சுத்தமானவையே. ஒரு பயணத்தில் இணைவைக்கும் பெண்ணொருத்தியின் தோல்பையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் நீர் எடுத்து மக்களுக்குக் கொடுத்ததும், குளிப்புக் கடமையான ஒருவருக்குக் குளிப்பதற்கு அதே நீரைக் கொடுத்ததும் புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. அம்மாவின் கை பட்ட தட்டை ஒதுக்குவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அப்படி ஒதுக்குவது அவரைப் புண்படுத்துவதில்தான் முடியும்.

நஜீஸைத் தொட்டால் உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் செய்யும் சுத்தம்) முறியாது. உளூ முறிவது வேறு, உடலில் அசுத்தம் படுவது வேறு. பன்றிக்கறி வைத்த தட்டை எடுத்துக் கொடுத்தவர் கையைக் கழுவினால் போதும். உளூவைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. இது தெரியாமல் ஒரு நாளைக்குப் பத்து முறை உளூச் செய்து சலித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ஈரம். காய்ந்த நஜீஸ் காய்ந்த பொருளில் பட்டால் அது பரவாது. இரண்டில் ஒன்றாவது ஈரமாகவோ எண்ணெய்ப் பசையாகவோ இருந்தால்தான் பரவும். அலமாரியில் காய்ந்த தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது பிரச்சினை இல்லை. சிங்க்கில் ஈரத்தோடு சேர்ந்து கிடப்பதுதான் பிரச்சினை. பட்டிருக்குமோ என்ற சந்தேகம் எதையும் நஜீஸாக்காது. கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் (இஸ்லாமியச் சட்டவியலின்) அடிப்படை விதி; இப்படிப்பட்ட வீட்டில் வாழ்பவருக்கு மற்ற எந்த விதியையும்விட அதிகம் கைகொடுப்பது இதுதான்.

கழுவும் முறை: மத்ஹபைப் பொறுத்து உழைப்பு மாறும்

நான்கு வழிகளில் எது தாங்கும் என்பதை உங்கள் மத்ஹபும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நாய் நக்கிய பாத்திரத்தை ஏழு முறை, முதல் முறை மண்ணால் கழுவ வேண்டும் என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபு பன்றியையும் அதோடு சேர்த்து, அதன் ஈரம் பட்ட எதையும் ஏழு முறை, அதில் ஒன்றை மண் கலந்த நீரால் கழுவச் சொல்கிறது. ஹன்பலீகளும் ஏழு என்கிறார்கள். ஆனால் மண்ணுக்குப் பதிலாகச் சோப்பை ஏற்கிறார்கள். ஹனஃபீகளிடமும் மாலிகீகளிடமும் பன்றிக்கென்று தனி எண்ணிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியும் அசுத்தம் போகும்வரை கழுவினால் போதும். கண்ணுக்குத் தெரியாததை ஹனஃபீகள் மூன்று முறை கழுவுவார்கள்.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவர். பன்றியைப் பொறுத்தவரை, ஆதாரத்தின் அடிப்படையில் மண்ணில்லாமல் ஒரு முறை கழுவுவதே போதும் என்ற கருத்தை அவர் வலுவானதாகக் கண்டிருக்கிறார். மத்ஹபில் நிலைபெற்ற தீர்ப்பு ஏழுதான். ஆனாலும் நெருக்கடியில் இருக்கும் ஷாஃபிஈ ஒருவர் தம் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) இந்தக் கருத்தைப் பற்றி விசாரித்து அதன்படி நடக்க இடமுண்டு.

ஷாஃபிஈ முறையில் கழுவுவதானால் இப்படிச் செய்ய வேண்டும். முதலில் கொழுப்பையும் ஒட்டியிருப்பதையும் காகிதத்தால் வழித்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். பிறகு சுடுநீரும் சோப்பும் போட்டுப் பிசுபிசுப்பு போகும்வரை தேயுங்கள். அசுத்தத்தின் பொருள் போவதற்காக எத்தனை தடவை தேய்த்தாலும் அதெல்லாம் சேர்ந்து ஒரே கழுவல்தான்; எண்ணிக்கையில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்து, சலித்த சுத்தமான மண் இரண்டு மேசைக்கரண்டியை அரை லிட்டர் நீரில் கலக்குங்கள். நீர் நன்றாகக் கலங்கியிருக்க வேண்டும். அதைப் பாத்திரத்தின் உள்ளும் புறமும், அசுத்தம் பட்ட எல்லா இடத்திலும் ஓட விடுங்கள். பிறகு குழாய் நீரை ஐந்து முறை ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நீர் அந்த இடம் முழுக்க ஓடி வடிய வேண்டும். சாம்பலும் மரத்தூளும் மண்ணாகாது. களிமண் சோப்பு வாங்குபவர்கள், அதைக் கரைத்தால் நீர் கலங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முங்க வைத்துக் கழுவுவதில்தான் பெரிய தவறு நேர்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லாவுக்குக் குறைந்த நீருக்குள் நஜீஸான பொருளைப் போட்டால் நீர்தான் நஜீஸாகும், பொருள் சுத்தமாகாது. இரண்டு குல்லா என்பது கணக்கிடுபவரைப் பொறுத்து ஏறத்தாழ 190 முதல் 216 லிட்டர் வரை. எந்தச் சமையலறைத் தொட்டியும் அவ்வளவு கொள்ளாது. எனவே நீர் மேலிருந்து பொருளின் மீது விழுந்து ஓட வேண்டும்; தொட்டியின் அடைப்பைத் திறந்தே வையுங்கள். நன்றாகத் தேய்த்தும் போகாத நிறமோ வாடையோ ஏதேனும் ஒன்று மட்டும் எஞ்சினால் அது மன்னிக்கப்படும். சுவை எஞ்சினால் சுத்தமாகவில்லை என்று பொருள்.

முதல் வழி: வீட்டுக்குள்ளேயே வேண்டாம்

இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இல்லை. கழுவும் கணக்கு எதுவும் வேண்டாம், ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது யோசிக்க வேண்டாம், குழந்தைகளுக்கு விளக்க வேண்டாம். வீட்டை நடத்துபவர் முஸ்லிமாக இருந்து, மற்றவர்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டால் இதையே தேர்ந்தெடுங்கள். வேதக்காரப் பெண்ணை மணப்பவர் நிக்காஹுக்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். பிறகு பேசினால் அது சாப்பாட்டுச் சண்டையாக மட்டும் நிற்காது.

வீடு உங்களுடையது அல்ல என்றால் இந்த வழி உங்கள் கையில் இல்லை. பெற்றோர் இணைவைக்க வற்புறுத்தினாலும் அதில் கீழ்ப்படியாமல், உலக விவகாரங்களில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள்ளச் சொல்கிறது குர்ஆன் 31:15. அவர்கள் காலமெல்லாம் உண்ட உணவை அவர்கள் வீட்டிலேயே தடுப்பது நல்ல முறை ஆகாது. நடைமுறையில் இன்னொரு கேடும் உண்டு. தடை விழுந்த வீட்டில் உணவு நிற்காது, ஒளியும். இரவில் உங்கள் சட்டியிலேயே பொரித்துவிட்டு அவசரமாகக் கழுவி வைப்பார்கள். எது எங்கே பட்டது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது வழி: வரட்டும், இங்கே சமைக்க வேண்டாம்

வெளியில் வாங்கிய உணவை ஒருமுறைப் பயன்பாட்டுத் தட்டில் சாப்பிட்டு, தட்டையும் பொட்டலத்தையும் குப்பையில் போட்டுவிடுவது. பன்றிக்கறியை வாணலியில் போட்டால் தெறிக்கும் கொழுப்பு அடுப்பு, சுவர், பக்கத்தில் இருக்கும் உப்புச் செப்பு, எண்ணெய்ப் புட்டியின் கழுத்து என்று எல்லா இடத்திலும் போய்ப் படியும். சமையல் இல்லையென்றால் இவ்வளவும் இல்லை. இளம் தம்பதியருக்கும், அதிகம் சமைக்காத அறைத் தோழர்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

இது உடைவது மீந்த உணவில். பாதி சாப்பிட்டதை ஃப்ரிட்ஜில் வைப்பார்கள், மறுநாள் வீட்டுக் கிண்ணத்தில் கொட்டிச் சுடவைப்பார்கள், வீட்டுக் கரண்டியால் சாப்பிடுவார்கள். மூடி இறுகப் பொருந்தும் டப்பா ஒன்றையும் கரண்டி முள்கரண்டி ஒரு செட்டையும் இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் ஓட்டை பெரும்பாலும் அடைபட்டுவிடும். டப்பா ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டத்தின் மேல் இருக்கட்டும். உறைந்த இறைச்சி உருகும்போது வடியும் நீர் கீழே இருப்பவற்றில்தான் சொட்டும்; அதை மேல்தட்டில் வைத்துவிட்டுக் கீழே காய்கறி வைப்பதுதான் வழக்கமான தவறு.

மூன்றாவது வழி: உங்கள் பாத்திரத்தைப் பிரியுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டாரிடம் பன்றிக்கென்று ஒரு சட்டியும் கத்தியும் ஒதுக்கச் சொல்கிறார்கள். அதைக் காக்கும் பொறுப்பு அக்கறை இல்லாதவர் கையில் போய்விடுவதால் அந்த ஏற்பாடு அதிக நாள் நிற்பதில்லை. வீட்டிலுள்ள எல்லாம் அவர்களுடையதாக இருக்கட்டும்; உங்களுடையது மட்டும் தனியாக இருக்கட்டும். அப்போது கவலைப்படுபவரும் காப்பவரும் ஒரே ஆளாக இருப்பீர்கள்.

ஒருவருக்குத் தேவையானது அதிகம் இல்லை. எஃகில் ஆழமான பாத்திரம் ஒன்று, வாணலி ஒன்று, கத்தி, வெட்டுப்பலகை, அகப்பை, தோசைத்திருப்பி, தட்டு இரண்டு, கிண்ணம், குவளை. இவற்றோடு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், கைத்துணி, எண்ணெய்ப் புட்டி, உப்பு டப்பா. இந்தக் கடைசி நான்கையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் சட்டியைவிட முக்கியமானவை இவைதான். பன்றிக்கொழுப்பைத் தேய்த்த ஸ்பாஞ்ச் அதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிழிந்தாலும் முழுதாகப் போகாது. அடுத்துத் தேய்க்கும் எல்லாவற்றிலும் ஈரத்தோடு பூசும். ஆகவே உங்கள் ஸ்பாஞ்ச் வேறு நிறத்தில், சிங்க் ஓரத்தில் இல்லாமல் உங்கள் பெட்டிக்குள் இருக்கட்டும். எண்ணெயும் அப்படித்தான். உறைந்த நெய்யில் செத்த எலி விழுந்தால் அதையும் சுற்றியுள்ளதையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்று ஹதீஸ் அனுமதிக்கிறது. உருகிய எண்ணெய்க்கு அந்த வசதி இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸான எண்ணெயைச் சுத்தமாக்க வழியே கிடையாது. பொரித்துவிட்டுப் புட்டியிலேயே திரும்ப ஊற்றும் வழக்கமுள்ள வீட்டில் பொது எண்ணெயைத் தொடாதீர்கள்.

பொருளை வாங்கும்போது அது எதனால் ஆனது என்று பாருங்கள். எஃகும் கண்ணாடியும் மேற்பூச்சுள்ள பீங்கானும் எதையும் உறிஞ்சா. மரப்பலகையில் கத்திக்கீறலுக்குள் கொழுப்பும் இரத்தமும் இறங்கும். பழகிய வார்ப்பிரும்புச் சட்டியின் கறுப்புப் படலமே சூட்டில் இறுகிய கொழுப்புதான். பன்றிக்கொழுப்பில் பழக்கிய சட்டியை எத்தனை முறை கழுவினாலும் அந்தப் படலம் அப்படியே இருக்கும், இரும்பு தெரியச் சுரண்டினால்தான் போகும். அந்த உழைப்புக்குப் புதியதே வாங்கிவிடலாம். பிரஷர் குக்கரைப் பகிர்ந்தே தீர வேண்டும் என்றால் மூடியின் ரப்பர் வளையத்தையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் கத்திக்கு அடியில் இருக்கும் வாஷருக்குள் இறைச்சி விழுது தங்கும்; கழற்றாமல் கழுவிய ஜார் கழுவாத ஜார்தான்.

எண்ணெய் தடவும் தூரிகையையும் பாருங்கள். இயற்கை மயிர் என்று விற்கப்படும் சமையல் தூரிகைகள் பெரும்பாலும் பன்றிமயிரால் ஆனவை. ஒரு மயிரைப் பிடுங்கித் தீயில் காட்டினால் தலைமுடி கருகும் வாடை வந்தால் அது விலங்கினுடையது. உருகி உருண்டால் நைலான். சிலிகான் தூரிகை வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

இத்தனையும் செய்த பிறகும் இந்த ஏற்பாடு உடைவது சிங்க்கில்தான். சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். பிறகு யாரோ பன்றிக்கறி வதக்கிய வாணலியை அதன் மேல் வைத்து, ஊறட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். காலையில் தொட்டி நிறையக் கலங்கிய நீர், மேலே வெளுத்த கொழுப்பு வட்டம் வட்டமாக மிதக்கிறது, அடியில் உங்கள் தட்டு. இதைத் தவிர்க்க ஒரே வழி, சாப்பிட்டு எழுந்தவுடனே கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவது. பொதுவான வடிதட்டிலும் வைக்க வேண்டாம். அங்கே மேலிருக்கும் பாத்திரத்திலிருந்து கீழிருப்பதில் சொட்டும். மூடியுள்ள பெட்டியோ தனி அலமாரித் தட்டோ இருந்தால் விருந்தினரும் எடுக்க மாட்டார்கள். அடையாளத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் சுடுநீரில் உரிந்துவிடும். வீட்டில் வேறு யாரிடமும் இல்லாத நிறத்தில் கைப்பிடியுள்ள பாத்திரங்களை வாங்குங்கள்.

நான்காவது வழி: எல்லாம் பொது

இதை இழிவாக நினைக்க வேண்டாம். வேதக்காரர்களின் நாட்டில் வாழ்கிறோம், அவர்களுடைய பாத்திரங்களில் உண்ணலாமா என்று நபித்தோழர் அபூ ஸஅலபா (ரலி) கேட்டபோது, வேறு கிடைத்தால் அவற்றில் உண்ணாதீர்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அவற்றில் உண்ணுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். புகாரியும் முஸ்லிமும் இதைப் பதிவு செய்கிறார்கள். அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பின் அறிவிப்பில் அந்தப் பானைகளில் பன்றி சமைப்பதும் பாத்திரங்களில் மது குடிப்பதும் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. அங்கேயும் நீரால் கழுவச் சொன்னார்களே தவிர எண்ணிக்கை சொல்லவில்லை. ஒரு முறை போதும் என்பவர்கள் இதையும் எடுத்துக்காட்டுவார்கள். வேறு கிடைக்குமென்றால் அதுவே மேல் என்பதும் இதே ஹதீஸில் இருக்கிறது. மூன்றாவது வழியை நான்காவதுக்கு முன்னால் வைப்பதற்கு எங்களுக்கு இதுவே ஆதாரம்.

சில நாட்கள் மட்டும் தங்குபவர், நோயாளிக்குத் துணையாக இருப்பவர், பாத்திரம் வைக்கவே இடமில்லாதவர் ஆகியோருக்கு இது சரி. ஹனஃபீயும் மாலிகீயும் மாதக்கணக்கிலும் இப்படி ஓட்டலாம். ஷாஃபிஈ தினமும் மண் கரைத்து ஏழு முறை கழுவப் புறப்பட்டால் சில வாரங்களில் இரண்டில் ஒன்று நடக்கும்: சலித்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார், அல்லது வஸ்வாஸில் (ஓயாத சந்தேகத்தில்) விழுந்து கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவுவார். இரண்டாவது வந்துவிட்டால் அதிலிருந்து மீள்வது கடினம். அதற்குள் ஆலிமிடம் கேட்டு இலகுவான கருத்துக்கு மாறுங்கள், அல்லது ஒரே ஒரு பாத்திரமும் தட்டுமாவது தனியாக வாங்கிவிடுங்கள்.

ஒரு நல்ல வழக்கம் உண்டு: உண்ட பிறகு கழுவுவதைப் போலவே சமைப்பதற்கு முன்னும் ஒரு முறை கழுவுவது. பாத்திரத்தை விரலால் வழித்துப் பாருங்கள். வழுக்கினால் கொழுப்பு இருக்கிறது. குளிர்ந்த நீரில் பன்றிக்கொழுப்பு இறுகி ஒட்டிக்கொள்ளும், சுடுநீர் இல்லாமல் அது எளிதில் அசையாது.

பொதுக் கருவிகள்

எந்த வழியானாலும் சில கருவிகளைப் பகிர்ந்தே ஆக வேண்டும். அதிகம் குழப்புவது டிஷ்வாஷர். ஒரு சுற்றுக்கு அது எடுக்கும் நீர் பத்துப் பதினைந்து லிட்டர்தான். ஒவ்வொரு கட்டத்திலும் அடியில் தேங்கும் நீரையே பம்பு மறுபடி மறுபடி எல்லாப் பாத்திரத்தின் மேலும் பீய்ச்சுகிறது. பிறகு வடித்துவிட்டுப் புது நீர் எடுக்கிறது. கடைசி அலசல்களில் புது நீர் மேலிருந்து விழுந்து, கொழுப்பின் சுவடே இல்லாமல் வெளிவருவதால் சாதாரண நஜீஸுக்கு அது போதும் என்று கொள்ளலாம். பன்றி பட்டதற்கு ஷாஃபிஈ கணக்கில் எண்ணிக்கையும் இல்லை, மண்ணும் இல்லை. சேர்த்துப் போட்ட உங்கள் தட்டும் அதே நீரில் நனைந்திருக்கும். ஆகவே ஷாஃபிஈகள் தம் பாத்திரத்தைக் கையால் கழுவிக்கொள்வதே நல்லது. மற்றவர்கள், பன்றி சமைத்த பாத்திரத்தைக் கையால் கழுவிய பிறகே உள்ளே வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். வடிகட்டியையும் அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும், துணுக்குகள் அதில்தான் தங்கும்.

மைக்ரோவேவின் கூரையில் தெறித்த கொழுப்பை நீர் ஊற்றிக் கழுவ முடியாது. முயலவும் வேண்டாம். அது நஜீஸாகவே இருந்தாலும் உங்கள் உணவில் படாதவரை உங்களுக்கு ஒன்றுமில்லை. மூடியுள்ள பாத்திரத்தில் சுடவையுங்கள். மூடாமல் வைத்தால் உங்கள் உணவின் நீராவி கூரையில் படிந்து, அங்குள்ள கொழுப்போடு சேர்ந்து திரும்ப உங்கள் கிண்ணத்தில் சொட்டும். ஓவனிலும் உங்கள் தட்டத்தை மட்டும் பயன்படுத்துங்கள், இரண்டு உணவையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

வாஷிங் மெஷினைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கொழுப்போ மதுவோ பட்ட இடத்தை முதலில் குழாயடியில் பிடித்துச் சோப்பு போட்டு அலசிவிட்டுப் பிறகு மெஷினில் போடுங்கள். பன்றிக்கொழுப்பானால் உங்கள் மத்ஹபின் எண்ணிக்கையைக் குழாயடியிலேயே முடித்துவிடுங்கள்.

சமையலறையிலிருந்து தொழுகை விரிப்புவரை

சமையலறைக்கென்று ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு ஏப்ரனும் வையுங்கள். எண்ணெய் தெறித்த தரையில் வெறுங்காலோடு நின்றுவிட்டு, ஈரக்காலோடு விரிப்புக்குப் போவது எவரும் கவனிக்காத பாதை. உளூவைச் சமையலறைச் சிங்க்கில் செய்யாமல் குளியலறையில் செய்யுங்கள். கம்பளத்தில் குழம்பு கொட்டிக் காய்ந்திருந்தால், அதைச் சுத்தம் செய்யும்வரை அதன் மேல் சுத்தமான விரிப்பை விரித்துத் தொழலாம்.

தொழுது முடித்த பிறகு சட்டையில் கறையைக் கண்டால்? அது எப்போது பட்டது என்று தெரியாவிட்டால் தொழுகைக்குப் பிறகு பட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம். தொழும்போதே இருந்தது உறுதியென்றால் ஷாஃபிஈ மத்ஹபில் திரும்பத் தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் உள்ளங்கைக் குழியளவுக்கு உட்பட்ட ஈர நஜீஸோடு தொழுத தொழுகை செல்லும். நபி (ஸல்) அவர்கள் தொழுகையின் நடுவில் காலணியில் அசுத்தம் இருப்பது அறிவிக்கப்பட்டதும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடர்ந்து தொழுதார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அறியாமல் தொழுததைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்று சொல்லும் அறிஞர்களுக்கு அதுவே ஆதாரம்.

உங்களுக்கு எது

வீட்டை நடத்துபவர் நீங்கள், மற்றவர்களும் சம்மதிக்கிறார்கள் என்றால் முதல் வழி. துணைவர் வேறு சமயத்தவர், சமைப்பது பெரும்பாலும் நீங்கள் என்றால் இரண்டாவது. பெற்றோர் வீட்டில் இருப்பவர், அறை பகிர்பவர், தங்கி வேலை பார்ப்பவர் ஆகியோர் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். ஷாஃபிஈயாக இருந்தால் இன்னும் உறுதியாக அதையே தேர்ந்தெடுங்கள். நான்காவது தற்காலிகமாக மட்டும். பிறருக்காகப் பன்றிக்கறி வாங்கி வருவது, சமைத்துக் கொடுப்பது, மது பரிமாறுவது ஆகியவை துப்புரவோடு முடிகிற விஷயங்கள் அல்ல. அவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. வேலையில் அந்தக் கட்டாயம் இருப்பவர் தம் நிலையை விளக்கி ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டாரிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம்: என் பெட்டியில் உள்ளதை எடுக்க வேண்டாம், என் ஸ்பாஞ்ச்சைத் தொட வேண்டாம். அவர்கள் சாப்பாடு அசுத்தம் என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். என் தொழுகைக்காக இதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். தவறிப்போய் ஒரு நாள் யாராவது எடுத்துவிட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் அடுத்த முறை உங்களிடம் சொல்லாமலே கழுவி வைத்துவிடுவார்கள். சொன்னால்தான் எதைக் கழுவ வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.